இழுத்தும் பிடிக்காத ஹேண்ட்பிரேக்

காரின் பின்சக்கரக் காலிப்பர்களைக் கழற்றி, துருவைச் சுரண்டி, புது ரப்பர் சீல் போட்டு, பெயின்ட் அடித்துத் திரும்ப மாட்டியாயிற்று. கால் பிரேக் நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் லீவர் மேலே மேலே வந்துகொண்டே இருக்கிறது. சரிவில் நிறுத்தினால் வண்டி மெல்ல உருள்கிறது. இந்த நிலையில் பெரும்பாலோரின் கை முதலில் போவது கேபிளை இறுக்கும் நட்டுக்குத்தான். நான்கு சுற்று முறுக்கினால் லீவர் இறுகிவிடும், வேலை முடிந்தது போலத் தோன்றும். அந்த நட்டைத் தொடுவது முதல் வேலையாக இருக்கக் கூடாது, கடைசி வேலையாகத்தான் இருக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். காலிப்பரைத் திறந்து மூடிய பிறகு வரும் ஹேண்ட்பிரேக் குறையின் வேர் பெரும்பாலும் காலிப்பருக்குள்தான் இருக்கும். கேபிளை இறுக்குவது அந்தக் குறையை மறைக்கும். கூடவே, அது தானாகச் சரியாகிக்கொள்ளும் வழியையும் அடைத்துவிடும்.

இதைப் புரிந்துகொள்ள, டிஸ்க் பிரேக்கில் ஹேண்ட்பிரேக் ஏன் இவ்வளவு நுட்பமான பொருளாக இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பழைய டிரம் பிரேக்கில் வளைந்த கட்டைகள் உருளையின் உட்புறத்தில் போய் அழுத்துகின்றன. உருளை சுழல முயலும்போது அந்த உராய்வே முன்கட்டையை மேலும் இறுக்கி உள்ளே இழுக்கிறது. அதாவது வண்டி உருள எடுக்கும் முயற்சியே பிரேக்குக்குத் துணையாகிவிடுகிறது. கையால் கொடுக்கும் சிறிய விசை போதுமானதாகிறது. டிஸ்க்கில் இந்த உதவி கிடையாது. தட்டின் இரு பக்கமும் பேடுகள் நேராக அழுத்துகின்றன. எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுதான் பிடி. இந்தக் குறையை ஈடுகட்ட மூன்று வழிகள் உண்டு. 1961-இல் வந்த ஜாகுவார் ஈ-டைப் காரில் பின்சக்கர டிஸ்க்குகளுக்கு ஹேண்ட்பிரேக்குக்கென்றே தனியாகச் சிறு காலிப்பர்கள் வைக்கப்பட்டன. இன்றும் பல கார்களில் டிஸ்க்கின் நடுக்குடத்துக்குள் ஒரு சிறு டிரம்மை ஒளித்துவைத்து அதை ஹேண்ட்பிரேக்காகப் பயன்படுத்துகிறார்கள். மூன்றாவது வழி, கால் பிரேக்கின் பிஸ்டனையே கேபிளாலும் தள்ளுவது. காலிப்பரை ஓவர்ஹால் செய்த பிறகு அதிகம் தொல்லை தருவது இந்த மூன்றாம் வகைதான். அதையே இங்கே விரிவாகப் பார்ப்போம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் சிக்கலின் அளவு தெரியும். கார்களின் பிரேக்குகளுக்கான ஐ.நா. விதிமுறை 13-எச், முழுச் சுமையுடன் இருக்கும் காரை 20 சதவீதச் சரிவில் ஹேண்ட்பிரேக் நிறுத்திவைக்க வேண்டும் என்கிறது. அதற்குக் கை கொடுக்கும் விசை 400 நியூட்டனைத் தாண்டக் கூடாது. அது ஏறத்தாழ 40 கிலோ எடையைத் தூக்கும் விசை. சுமையோடு 1,500 கிலோ உள்ள காரை எடுத்துக்கொள்வோம். அந்தச் சரிவில் அதைக் கீழே இழுக்கும் விசை சுமார் 2,900 நியூட்டன். டயரின் ஆரம் 30 செ.மீ., பேடு அழுத்தும் இடம் டிஸ்க்கின் மையத்திலிருந்து 11 செ.மீ., உராய்வுக் கெழு 0.4 என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பின்சக்கரத்திலும் பேடுகள் சுமார் 5,000 நியூட்டன் விசையோடு டிஸ்க்கைக் கவ்வ வேண்டும். அரை டன் எடையைத் தட்டின் மேல் வைப்பதற்கு இது சமம். ஒரு கையின் பலம் இரண்டு சக்கரங்களிலும் இப்படிப் பெருக வேண்டும். வழியில் கேபிளின் உராய்வும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். எனவே நெம்புகோல்களின் பெருக்கம் மிகப் பெரியதாக இருந்தாக வேண்டும்.

பெருக்கத்துக்கு ஒரு விலை உண்டு. விசை எத்தனை மடங்கு கூடுகிறதோ, நகரும் தூரம் அத்தனை மடங்கு குறையும். கையில் பிடிக்கும் லீவர் 7 மடங்கும், காலிப்பரின் பின்னால் இருக்கும் சிறு லீவரும் அதன் உள்ளமைப்பும் சேர்ந்து 20 மடங்கும் பெருக்குவதாகக் கொள்வோம். மொத்தம் 140 மடங்கு. கை 14 செ.மீ. நகர்ந்தால் பிஸ்டன் நகர்வது ஒரே ஒரு மில்லிமீட்டர். இதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையே அரை மில்லிமீட்டர் இடைவெளி கூடுதலாக விழுந்துவிட்டால், கையின் நகர்வில் பாதி, அதாவது 7 செ.மீ., அந்த வெற்றிடத்தைக் கடப்பதிலேயே போய்விடும். கால் பிரேக்குக்கு அரை மில்லிமீட்டர் பெரிய பொருட்டல்ல. பெடல் கொஞ்சம் கீழே போகும், அவ்வளவுதான். ஆகவேதான் கால் பிரேக் நன்றாக இருக்கும்போதே ஹேண்ட்பிரேக் தோற்றுப்போகிறது. அதைப் பார்த்து ‘காலிப்பர் சரி, கேபிள்தான் குறை’ என்று முடிவுகட்டுவது தவறான அனுமானம்.

பேடு தேயத் தேய அந்த இடைவெளி வளராமல் பார்த்துக்கொள்ள, பிஸ்டனுக்குள்ளேயே ஓர் அமைப்பு வைத்திருக்கிறார்கள். பிஸ்டன் உள்ளே வெற்றுக்குழலாக இருக்கும். அதற்குள் மரை வெட்டிய ஒரு தண்டும் அதன் மேல் ஒரு நட்டும் இருக்கும். சாதாரண போல்ட்டின் மரை போல இல்லாமல், இந்த மரை மிகவும் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும்; நட்டை நேராக இழுத்தாலே அது சுழன்றுகொண்டு முன்னேறும். கால் பிரேக்கை அழுத்தும்போது பிரேக் ஆயில் பிஸ்டனை முன்னே தள்ளுகிறது. பேடு தேய்ந்திருந்தால் பிஸ்டன் வழக்கத்தைவிடச் சற்று அதிகமாக நகரும். நட்டும் அதனோடு இழுபட்டுச் சுழன்று ஒரு படி முன்னே வந்து அமரும். ஹேண்ட்பிரேக்கை இழுக்கும்போது நடப்பது வேறு. காலிப்பர் லீவர் தண்டைப் பின்னாலிருந்து தள்ளும். அந்த அழுத்தத்தில் நட்டு சுழல முடியாமல் இறுகிக்கொள்ளும். தண்டும் நட்டும் ஒரே கட்டையாகி பிஸ்டனைத் தள்ளும். ஆக, ஹேண்ட்பிரேக்கின் இடைவெளியைச் சரிசெய்வது கால் பிரேக்கின் வேலை. ஹேண்ட்பிரேக் அந்த ஏற்பாட்டைப் பயன்படுத்திக்கொள்கிறது, அவ்வளவே.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பூஜ்ஜியப் புள்ளி வேண்டும். தராசில் எடை வைக்கும் முன் முள் நடுவில் நிற்க வேண்டும் அல்லவா? அதுபோல, கேபிள் தளர்ந்திருக்கும்போது காலிப்பர் லீவர் தன் தடுப்பில் முழுமையாக வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். தண்டு முழுமையாகப் பின்வாங்கிய அந்த நிலையிலிருந்துதான் உள்ளமைப்பு இடைவெளியை அளக்கிறது. கேபிளை முன்கூட்டியே இறுக்கிவிட்டால் லீவர் தடுப்பைவிட்டு எழுந்தே நிற்கும். தண்டு பாதி வழியில் தொங்கும். பல வடிவமைப்புகளில் நட்டு தாராளமாகச் சுழல முடியாமல் போகும். கால் பிரேக்கை எத்தனை முறை மிதித்தாலும் பேடின் தேய்மானம் சரிக்கட்டப்படாது. லீவரின் மொத்த வீச்சில் ஒரு பகுதி தொடக்கத்திலேயே செலவாகிவிடுவதால், கொஞ்ச நாளில் ஹேண்ட்பிரேக் மறுபடி தளரும். மறுபடி கேபிளை முறுக்குவார்கள். கேபிளின் நட்டு மரையின் கடைசிக்கு வரும்வரை இது தொடரும். அதற்குள் பேடு டிஸ்க்கை விடாமல் உரசத் தொடங்கியிருக்கும்.

ஓவர்ஹாலின்போது இந்த உள்ளமைப்பில் என்னென்ன மாறுகிறது என்று யோசித்தால் குறை எங்கே இருக்கும் என்பதைக் கணிக்கலாம். பேடு மாட்டுவதற்காகப் பிஸ்டனைத் திருகி முழுமையாக உள்ளே அனுப்பியிருப்பார்கள். அது வெளியே வந்து புது இடத்தில் அமர வேண்டும். இந்த வகைப் பிஸ்டனைக் கவ்வியால் பலவந்தமாக உள்ளே தள்ளியிருந்தால் மரையோ நட்டின் பிடிப்போ சிதைந்திருக்கலாம். உள்ளே இருக்கும் ஸ்பிரிங், வாஷர், லாக் வளையம் ஆகியவற்றில் ஒன்று இடம் மாறியிருந்தாலும் நட்டு முன்னேறாது. சில காலிப்பர்களில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மரையின் திசை எதிரெதிராக இருக்கும். இரண்டையும் ஒரே மேசையில் பிரித்துப் போட்டால் பாகங்கள் கலந்துவிடும் ஆபத்து உண்டு. பிஸ்டனின் முகத்தில் ஒரு பள்ளமும், பேடின் முதுகில் அதில் பொருந்தும் ஒரு சிறு முளையும் இருக்கும். முளை பள்ளத்தில் அமராவிட்டால் பேடு கோணலாக நிற்கும். அதோடு நட்டு சுழல வேண்டிய நேரத்தில் பிஸ்டனே சுழன்றுவிடும், சரிக்கட்டும் வேலை நடக்காது. கண்ணுக்கு அற்பமாகத் தெரியும் அந்த முளைக்குள் ஹேண்ட்பிரேக்கின் தலையெழுத்தே அடங்கியிருக்கிறது.

எல்லாக் காலிப்பர்களும் ஒன்றல்ல. 1989-இல் அறிமுகமான மஸ்டா எம்.எக்ஸ்-5 காரின் பின்காலிப்பரில், பின்புறம் ஒரு போல்ட்டைக் கழற்றினால் உள்ளே ஆலன் சாவியால் திருப்பக்கூடிய ஒரு திருகு இருக்கும். பேடு டிஸ்க்கைத் தொடும்வரை அதைத் திருப்பி, பிறகு சக்கரம் தடையின்றிச் சுழலும் அளவுக்குச் சற்றே தளர்த்த வேண்டும். இந்தத் திருகு இருப்பது தெரியாமல், காலிப்பரைப் புதுப்பித்து மாட்டிவிட்டுக் கேபிளை மட்டும் முறுக்கிக்கொண்டிருந்தால் பலன் கிடைப்பது கடினம். டிஸ்க்குக்குள் டிரம் இருக்கும் கார்களில் காலிப்பருக்கும் ஹேண்ட்பிரேக்குக்கும் தொடர்பே இல்லை. அங்கே டிரம்முக்குள் இருக்கும் பல்சக்கரத்தைத் திருப்பித்தான் கட்டைகளின் இடைவெளியைக் குறைக்க வேண்டும். வகை எதுவானாலும் விதி ஒன்றுதான்: சக்கரத்தில் இருக்கும் இடைவெளியைச் சக்கரத்திலேயே சரிசெய்ய வேண்டும்.

ரப்பரும் துருவும் பெயின்டும் தத்தம் வழியில் தொல்லை தரும். பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர வெட்டுமுகச் சீல் கசிவைத் தடுப்பதோடு இன்னொரு வேலையும் செய்கிறது. பிஸ்டன் முன்னே போகும்போது அது பிஸ்டனோடு சேர்ந்து சற்று வளைகிறது. அழுத்தம் விலகியதும் நிமிர்ந்து, பிஸ்டனை ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்கு பின்னுக்கு இழுக்கிறது. சாதாரணப் பெட்ரோலியக் கிரீஸைத் தடவினால் இந்த ரப்பர் உப்பிவிடும். பிஸ்டன் திரும்பி வராது. பிரேக் ரப்பருக்கென்று உள்ள கிரீஸைத்தான் பயன்படுத்த வேண்டும். சீல் அமரும் பள்ளத்தில் துரு மிஞ்சியிருந்தாலும் இதே கதிதான். தான் உருவான இரும்பைவிடத் துரு அதிக இடம் பிடிப்பதால் சீலைப் பிஸ்டனோடு சேர்த்து நெரிக்கும். பெயின்டின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்றாலும், பேடு நழுவும் தடத்திலும், ஸ்லைடு பின்னின் துளையிலும், காலிப்பர் லீவரின் அச்சிலும் அது படிந்தால் நகர வேண்டியவை நகராது. காலிப்பர் பளபளப்பது அழகுதான். அந்த இடங்கள் மட்டும் வெறும் உலோகமாக இருப்பது அதைவிட முக்கியம்.

இனி குறையைக் கண்டுபிடிக்கும் வழி. வண்டி சமதரையில் நிற்க வேண்டும். ஹேண்ட்பிரேக்கை நம்ப முடியாத நிலையில் இருப்பதால் முன்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கட்டாயம். பின்பக்கத்தை ஜாக்கியில் மட்டும் விட்டுவைக்காமல் தாங்கிகளின் மேல் நிறுத்த வேண்டும். பிறகு ஒருவர் உள்ளே லீவரை இழுக்க, இன்னொருவர் காலிப்பர் லீவர்களைக் கவனிக்க வேண்டும். இரண்டு லீவர்களும் அசையவில்லை என்றால் குறை கேபிளிலோ இரண்டு கேபிள்களுக்கும் விசையைப் பகிரும் தண்டிலோ இருக்கிறது. இரண்டும் முழு வீச்சும் நகர்ந்த பிறகும் சக்கரம் சுழன்றால் கேபிளைச் சந்தேகிக்க இடமில்லை; காலிப்பருக்குள் இடைவெளி மிஞ்சியிருக்கிறது. ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் நகர்ந்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவில் சரிக்கட்டப்படவில்லை. லீவரை விட்ட பிறகு ஏதாவது ஒன்று தடுப்புக்குத் திரும்பவில்லை என்றால் கேபிளைக் கழற்றிவிட்டுக் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும். தாராளமாகத் திரும்பினால் கேபிளின் உறைக்குள் துரு. அப்போதும் திரும்பாவிட்டால் லீவரின் அச்சோ ஸ்பிரிங்கோ காரணம். ஸ்பானரை எடுக்கும் முன் கண்ணால் பார்க்கும் இந்த ஐந்து நிமிடம், பல மணி நேர வேலையை மிச்சப்படுத்தும்.

கால் பெடலும் சாட்சி சொல்லும். முதல் மிதியில் ஆழமாகப் போய், உடனே மிதிக்கும் இரண்டாம் மிதியில் உயரத்திலேயே உறுதியாக நின்றால் பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையே வெற்றிடம் அதிகம். 38 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டன் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நகர ஒரு மில்லிலிட்டருக்குச் சற்று அதிகமான பிரேக் ஆயில் வேண்டும். அதை அனுப்ப மாஸ்டர் சிலிண்டர் கூடுதலாக நகர வேண்டும், பெடல் கீழே போகிறது. ஹேண்ட்பிரேக்கைச் சற்று இழுத்துவைத்து மிதித்தால் பெடல் உயர்கிறதா என்றும் பார்க்கலாம். உயர்ந்தால் வெற்றிடம் பின்சக்கரங்களில்தான். பெடல் பஞ்சு போல அமுங்கினால் குழாயில் காற்று இருக்கிறது. மறுபடி ஏர் எடுக்க வேண்டும். அப்போது ஏர் எடுக்கும் நிப்பிள் காலிப்பரின் உச்சியில் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். இடக் காலிப்பரை வலப்பக்கத்தில் மாட்டிவிட்டால் நிப்பிள் கீழே போய்விடும். காற்று மேலேயே தங்கும், எவ்வளவு ஆயிலைப் பிடித்துவிட்டாலும் வெளியேறாது. காற்று அமுங்கும்வரை பிஸ்டனுக்கு அழுத்தம் சரியாகப் போகாது; பிஸ்டன் நகராவிட்டால் நட்டும் முன்னேறாது. இப்படி, கால் பிரேக்கின் குறை ஹேண்ட்பிரேக்கின் குறையாக வேடமிட்டு வரும்.

‘கேபிள் நாளடைவில் நீளத்தானே செய்யும், அதை இறுக்கினால் என்ன தவறு?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எஃகுக் கம்பிகளைப் பின்னிய கேபிள் புதிதில் சற்றுப் படியும். அதன் உறையும் கொஞ்சம் அமுங்கும். அதற்காகத்தான் அந்த நட்டே இருக்கிறது. ஆனால் நேற்றுவரை பிடித்த ஹேண்ட்பிரேக் காலிப்பர் வேலைக்குப் பிறகு இன்று பிடிக்கவில்லை என்றால், இடைப்பட்ட ஓரிரவில் கேபிள் நீளவில்லை. மாறியது காலிப்பர். எது மாறியதோ அதிலிருந்துதான் தேடலைத் தொடங்க வேண்டும். நோயாளியிடம் ‘நேற்று என்ன சாப்பிட்டீர்கள்’ என்று மருத்துவர் முதலில் கேட்பதும் இதே தர்க்கத்தில்தான்.

‘இறுக்கிய பிறகு வண்டி சரிவில் நிற்கிறதே, அது போதாதா?’ என்பது இரண்டாவது எதிர்வாதம். நிற்பது ஒரு சோதனை. தடையின்றி ஓடுவது இன்னொரு சோதனை. இறுகிய கேபிளால் ஒரு சக்கரத்தில் 100 நியூட்டன் அளவுக்கு இழுவை இருப்பதாகக் கொள்வோம். ஓட்டுநருக்கு அது தெரியவே தெரியாது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு 1,670 ஜூல் வெப்பமாக மாறும். ஆயிரம் வாட் இஸ்திரிப்பெட்டிகள் ஒன்றரையைச் சக்கரத்துக்குள் எரியவிட்டு ஓட்டுவதற்கு இது சமம். டாட் 4 வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ்வரை கொதிக்காது. ஆனால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது, ஈரம் ஏறியபின் தரம் கோரும் அளவு 155 பாகைதான். ஆயில் கொதித்து ஆவியானால் குழாயில் காற்று புகுந்தது போலாகும். கால் பிரேக்கே கைவிடும். ஹேண்ட்பிரேக்கைக் காப்பாற்றப் போய் உயிர்காக்கும் பிரேக்கை இழப்பது எந்தக் கணக்கிலும் லாபமல்ல. ஓட்டி நிறுத்தியபின் இரண்டு பின்சக்கரங்களின் வெப்பத்தையும் அகச்சிவப்பு வெப்பமானியால் ஒப்பிட்டுப் பார்த்தால் எந்தப் பக்கம் உரசுகிறது என்று தெரிந்துவிடும்.

புதுக் காலிப்பரே வாங்கிவிட்டால், அல்லது பொத்தானை அழுத்தும் மின்சார ஹேண்ட்பிரேக் இருந்தால், இந்தக் கவலை இல்லையே என்றும் சொல்வார்கள். புதுக் காலிப்பரிலும் அதே தண்டும் நட்டும்தான். அதுவும் இடைவெளியைக் கண்டறிந்து அமர வேண்டும். இறுக்கிய கேபிளோடு மாட்டினால் அதுவும் முதல் நாளே பூஜ்ஜியப் புள்ளியை இழக்கும். காலிப்பரில் மோட்டார் பொருத்தப்பட்ட மின்சார வகையில் கேபிளுக்குப் பதில் மோட்டார் தண்டைத் திருப்புகிறது. பழுதுபார்க்கும் நிலைக்கு மாற்றி மோட்டாரைப் பின்வாங்க வைக்காமல் பிஸ்டனைத் தள்ளினால் உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் உடையக்கூடும். வேலை முடிந்ததும் புதிய தொடக்க நிலையை அதற்கு மறுபடி பழக்கப்படுத்தவும் வேண்டும். மின்சாரம் வந்தும் பூஜ்ஜியப் புள்ளியின் அவசியம் போகவில்லை.

ஆக, வேலையின் வரிசை இயற்பியலிலிருந்தே பிறக்கிறது. முதலில் கேபிளை முழுமையாகத் தளர்த்தி, இரண்டு காலிப்பர் லீவர்களும் தடுப்பில் உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் உறுதிசெய்ய வேண்டும். பேடின் முளை பிஸ்டனின் பள்ளத்தில் இருக்கிறதா, ஸ்லைடு பின்கள் கையால் தள்ளினாலே நகர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு ஏர் எடுக்க வேண்டும். அதன்பின் கால் பிரேக்கை நிதானமாகவும் அழுத்தமாகவும், பெடலின் உயரம் மாறாமல் நிலைக்கும்வரை பலமுறை மிதிக்க வேண்டும். ஒவ்வொரு மிதியிலும் நட்டு ஒரு படி முன்னேறுகிறது. கையால் சரிசெய்யும் திருகு உள்ள காலிப்பரானால் அதை இப்போது திருப்ப வேண்டும். சக்கரங்கள் இரண்டும் கையால் தள்ளத் தடையின்றிச் சுழல்கின்றனவா என்று சோதித்த பிறகே கேபிளின் நட்டுக்கு வர வேண்டும். தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் ‘கிளிக்’ எண்ணிக்கை வரும்வரை இறுக்கி, லீவரை விட்டதும் காலிப்பர் லீவர்கள் கையேடு குறிக்கும் ஓய்வு நிலைக்குத் திரும்புகின்றனவா என்று மறுபடி பார்க்க வேண்டும். இந்த வரிசையில் செய்தால் கடைசி நட்டில் பெரும்பாலும் ஓரிரு சுற்றுக்கு மேல் வேலை இருக்காது. அதற்குமேல் முறுக்க வேண்டியிருந்தால், முந்தைய படிகளில் ஏதோ ஒன்று இன்னும் முடியவில்லை என்று அந்த நட்டு சொல்கிறது. முறுக்குவதை நிறுத்திவிட்டுச் சக்கரத்துக்குத் திரும்பிப் போக வேண்டும்.